ஜம்புலிங்கம் (கொள்ளைத் தலைவர்)

ஜம்புலிங்கம் (இறப்பு: 1923) திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர் வட்டாரங்களில் பெயர் பெற்றிருந்த கொள்ளைத் தலைவர். ஜம்புலிங்க நாடார் என்றும் குறிப்பிடப்படுகிறார். பிடிபட்டுச் சிறையிலும் காவலிலும் இருந்த காலத்தில் கிறித்தவ சமயத்தைத் தழுவி, இனித் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று உறுதி கூறியவர். பின்னர் காவலிலிருந்து தப்பித் தலைமறைவாகி, 1923இல் கொல்லப்பட்டார். களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூரில் பணியாற்றிய அயர்லாந்து நாட்டு ஊழியர் ஏமி கார்மைக்கேல் இவரைப் பற்றி 1927இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் இவர் பெயர் ராஜ். ஊர் வழக்கில் இவர் செம்புலிங்கம்.

ஜம்புலிங்கம் என்பது திருவானைக்கா இறைவனின் பெயரை ஒட்டிய சைவப் பெயர். பேச்சில் அது செம்புலிங்கம் ஆயிற்று. ‘வடலிவிளை செம்புலிங்கம்’ என்று ஊர்ப்பெயர் சேர்த்துச் சொல்வதும் உண்டு. வடலி என்றால் இளம் பனை. விளை என்பது தென்பாண்டி நாட்டில் தோப்புக்கும் தோட்டத்துக்கும் வழங்கும் சொல்.

நிலமும் காலமும்

களக்காடு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. மலையில் உற்பத்தியாகும் பச்சையாறு இந்த ஊர்ப்பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்து தாமிரபரணியில் சேர்கிறது. மேற்கே அடர்ந்த காடு. இன்று அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. கிழக்கே போகப்போக நஞ்சை குறைந்து, செம்மண் தேரியும் பனையும் தொடங்கும். மலையைத் தாண்டினால் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். சென்னை மாகாணக் காவல்துறையின் அதிகாரம் மலையின் இந்தப் பக்கத்தோடு முடிந்தது. தேடப்படும் ஒருவருக்கு ஒளிய இடமும் எல்லை கடக்க வழியும் இந்த நிலமே கொடுத்தது.

கொள்ளை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கையில் தீவட்டியோடு கூட்டமாக வந்து வீடு புகுவதைத் தீவட்டிக் கொள்ளை என்றார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்யும் கொள்ளையைத் தனிக் குற்றமாக வகுத்தது. 391ஆம் பிரிவு அதன் இலக்கணத்தைச் சொன்னது. 395ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்க முடிந்தது. கொள்ளையின்போது ஒருவர் கொலை செய்தாலும் 396ஆம் பிரிவு உடனிருந்த அனைவரையும் தூக்குக்கயிறு வரை கொண்டு செல்லக்கூடியதாக இருந்தது. ஆகவே ஒரு கூட்டத்தில் ஒருமுறை சேர்ந்தவருக்குத் தன் கை செய்ததற்கு மட்டும் பொறுப்பு என்ற கணக்கு இல்லை.

சென்னை மாகாணத்தில் கொள்ளைகளின் எண்ணிக்கை தானிய விலையோடு சேர்ந்து ஏறி இறங்கியதை வரலாற்றாசிரியர் டேவிட் அர்னால்டு காட்டியிருக்கிறார். முதல் உலகப்போரின் முடிவில் அரிசி விலை ஏறி, 1918இல் மாகாணத்தின் பல ஊர்களில் கடைகளும் சந்தைகளும் சூறையாடப்பட்டன. அரசு அந்தக் காலத்தில் குற்றத்தைச் சாதியோடு கட்டிப் பார்த்தது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் தென் மாவட்டங்களில் மறவர், கள்ளர் குடியினர்மீது பாய்ந்தது. அதன்கீழ் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது.

நாடார்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அவர்களுடைய வரலாறு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921இல் அரசு ஆவணங்களில் ‘சாணார்’ என்ற பெயருக்குப் பதில் ‘நாடார்’ என்று எழுதச் சென்னை அரசு இசைந்தது. வணிகத்திலும் கல்வியிலும் ஒரு பகுதியினர் மேலேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், அதே சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் களக்காட்டு மலையில் தலைமறைவாக இருந்தார். ஜம்புலிங்கத்தைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பின்னணியை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

கொள்ளைத் தலைவராக

கார்மைக்கேலின் நூல் சொல்வது இது: ராஜ் தொடக்கத்தில் குற்றவாளி அல்லர். பகைமையாலும் பொய்க் குற்றச்சாட்டாலும் துரத்தப்பட்டு, வேறு வழியின்றிக் கொள்ளையில் இறங்கினார். நூலின் நீண்ட துணைத்தலைப்பே இதை அறிவித்துவிடுகிறது. அவருடைய துணிச்சல், உடல் வலிமை, தப்பித்தல்கள், பட்ட சித்திரவதைகள், பணக்காரரிடம் கொள்ளையிட்டு ஏழைகளுக்குக் கொடுத்தது, மதமாற்றம், அவல முடிவு ஆகிய அனைத்தையும் அந்தத் துணைத்தலைப்பு அடுக்குகிறது. ஆங்கில வாசகருக்குப் புரியும்படி அவரை ‘இந்திய ராபின் ஹூட்’ என்றும் அழைக்கிறது.

பொய்வழக்கில் தொடங்கி உண்மைக் கொள்ளையில் முடிந்த கதை நம்பக்கூடியதா? காவல் நிலைய நடைமுறையைப் பார்த்தால், நம்ப முடியாத ஒன்றல்ல. சென்னை மாகாணக் காவல் நிலையங்கள் ‘அறியப்பட்ட கொள்ளைக்காரர்’ என்று ஒரு பதிவேடு வைத்திருந்தன. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளான ‘கே.டி.’ என்பதிலிருந்துதான் ‘கேடி’ என்ற வசைச்சொல் தமிழில் வந்தது என்பர். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவரின் வீட்டுக்கு இரவில் காவலர் வந்து, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துப் போவர். சுற்றுவட்டத்தில் எங்கு திருட்டு நடந்தாலும் முதலில் விசாரிக்கப்படுபவர் அவர். பெயரை நீக்குவது எளிதல்ல. தலைமறைவாகிவிட்ட ஒருவருக்கு இன்னொரு துன்பமும் உண்டு: பிறர் செய்த கொள்ளைகளும் அவர் கணக்கில் எழுதப்படும். பெயர் பெற்ற கொள்ளையரின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிறு திருடர்கள் வீடு புகுந்தால், மறுக்க அவர் வரப்போவதில்லை.

அதே சமயம், கொள்ளையிடப்பட்டவர்களின் பக்கமும் உண்டு. தீவட்டிக் கொள்ளையில் வீட்டாரைக் கட்டிப்போடுவதும் அடிப்பதும் வழக்கம். கார்மைக்கேலின் நூல் ராஜின் மீட்சிக்காக எழுதப்பட்டது; நகையும் நெல்லும் இழந்தவர்களின் பார்வையில் எழுதப்படவில்லை. அதைப் படிப்பவர் இதை நினைவில் கொள்வது நல்லது.

டோனாவூரும் ஏமி கார்மைக்கேலும்

டோனாவூர் 1827இல் சார்லஸ் ரேனியஸ் நிறுவிய கிறித்தவக் குடியிருப்பு. அதற்குப் பொருளுதவி செய்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரோடு ‘ஊர்’ சேர்ந்து டோனாவூர் ஆயிற்று. கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901 முதல் டோனாவூரில் இருந்தார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளை மீட்டு வளர்ப்பதே அவரது முதன்மைப் பணி. குழந்தைகளும் ஊராரும் அவரை ‘அம்மா’ என்றார்கள். இந்திய உடை உடுத்தியவர். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாய்நாட்டுக்குத் திரும்பாமலே 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரில் இறந்தார்.

மலையடிவாரக் காட்டில் இவரும் ஜம்புலிங்கமும் நேரில் சந்தித்தனர். கொள்ளையர் கூட்டம் நடமாடிய காட்டுப் பாதைகளில்தான் டோனாவூர்க் குழந்தைகளும் கோடையில் மலைக்குச் சென்றுவந்தார்கள். சந்திப்பில் கார்மைக்கேல் சரணடையும்படி கேட்டார். ஜம்புலிங்கத்தின் கவலை தன் குழந்தைகளைப் பற்றியதாக இருந்தது. அவர்களை டோனாவூர் ஏற்றுக்கொண்டது. நூலில் வரும் பல வீரச் செயல்களைவிட இந்தச் செய்தி முக்கியமானது. தலைமறைவானவரைப் பிடிக்க அவரது குடும்பத்தை நெருக்குவது காவல்துறையின் பழைய வழி. குழந்தைகளுக்கு ஓர் இடம் கிடைத்த பிறகே அவர் வேறொரு வாழ்வைப் பற்றி யோசிக்க முடிந்தது.

சிறையும் மனமாற்றமும்

ஜம்புலிங்கம் பிடிபட்டுப் பாளையங்கோட்டையில் காவலில் வைக்கப்பட்டார். அங்கே திருமுழுக்குப் பெற்றார். கார்மைக்கேல் அவரைச் சந்தித்துப் பேசினார். மனிதர்மீது இனித் துப்பாக்கியைப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதிமொழி இந்தக் காலத்தில் தரப்பட்டது.

இந்த இடத்தில் அன்றைய சிறைகளின் நிலையைப் பார்க்க வேண்டும். 1919–20இல் இந்தியச் சிறைகள் குழு நாடு முழுவதும் சிறைகளை ஆராய்ந்தது. அதன் தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ சென்னை மாகாணத்தில் பணியாற்றிய அதிகாரி. தண்டிப்பதோடு நில்லாமல் திருத்துவதும் சிறையின் வேலை என்று அந்தக் குழு எழுதியது. விடுதலையாகும் கைதிக்கு வெளியே உதவி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இந்தியச் சிறைச் சீர்திருத்தத்தின் வரலாறு இந்த அறிக்கையிலிருந்தே தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். ஆனால் அறிக்கை அச்சாவதற்கும் அது பாளையங்கோட்டையை எட்டுவதற்கும் இடையில் நெடுந்தூரம் இருந்தது. சென்னை மாகாணம் நன்னடத்தைக் கண்காணிப்பில் குற்றவாளிகளை விடுவிக்கச் சட்டம் இயற்றியது 1936இல்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த மாகாணத்தில் ஒழிக்கப்பட்டது 1947இல்.

ஆகவே 1920களின் தொடக்கத்தில் மனம் மாறிய கொள்ளைத் தலைவர் ஒருவருக்குச் சட்டத்தில் எந்தத் தனி வழியும் இல்லை. அவர்மீதிருந்த வழக்குகளின் எண்ணிக்கை குறையாது. 395ஆம் பிரிவு மனமாற்றத்தைக் கேட்பதில்லை. சிறையில் நல்லவராக இருந்தால் சில நாட்கள் தண்டனைக் குறைப்புக் கிடைக்கலாம். அதுவும் தண்டனை உறுதியான பிறகு.

தப்புதலும் முடிவும்

அவர் சிறையிலேயே இருந்திருந்தால் இந்தக் கதை வேறாகியிருக்கும். அவர் தப்பினார். கார்மைக்கேலுக்கு இது பெரும் வருத்தமாயிற்று. திருமுழுக்குப் பெற்ற ஒருவர் காவலை உடைத்து ஓடியதை அவருடைய எதிர்ப்பாளர்கள் சும்மா விடவில்லை. திரும்பி வந்து சரணடையும்படி கார்மைக்கேல் கேட்டார், ஜம்புலிங்கம் திரும்பவில்லை.

தப்பிய பிறகு நடந்தவற்றில்தான் கருத்து வேறுபாடு அதிகம். காவல்துறையின் கண்ணில் அவர் மீண்டும் கூட்டம் சேர்த்த கொள்ளையர். அவர் பெயரில் புதிய கொள்ளைகள் பதிவாயின. கார்மைக்கேலின் கண்ணில், அவை வேறு யாரோ செய்தவை. ராஜ் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். 1923இல் அவர் சுற்றிவளைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தன்னைச் சுற்றி நின்றவர்களை அவர் சுட்டிருக்க முடியும், ஆனால் சுடவில்லை என்பதே நூலின் உச்சமான செய்தி. நூல் முழுவதையும் இந்த ஒரு புள்ளியை நோக்கியே கார்மைக்கேல் எழுதியிருக்கிறார் என்று சொல்லலாம். மனமாற்றம் உண்மையானதா என்ற கேள்விக்கு அவரிடமிருந்த சான்று அது ஒன்றுதான்.

ஆனால் காவலிலிருந்து தப்பியது தவறு என்பதையும் அவர் மறைக்கவில்லை. இந்த நேர்மையால்தான் நூல் வெறும் புகழ்மாலையாகாமல் தப்பிக்கிறது.

சம்பலோடு ஓர் ஒப்பீடு

ஜம்புலிங்கத்துக்குக் கிடைக்காத வழி பின்னாளில் வட இந்தியாவில் சிலருக்குக் கிடைத்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் 1923இல் இல்லாதது எது என்று விளங்கும்.

மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான் மூன்றும் கூடும் இடத்தில் சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே புகழ்பெற்ற கொள்ளைத் தலைவர் மான்சிங். அவர் மகன் தகசீல்தார் சிங் தூக்குத் தண்டனை பெற்று நைனிச் சிறையில் இருந்தபோது வினோபா பாவேக்குக் கடிதம் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1960 மே மாதம் வினோபா பிண்டு, மொரேனா வட்டாரங்களில் நடந்து சென்றார். லுக்கா என்ற லோக்மன் தீட்சித் உள்ளிட்ட சுமார் இருபது பேர் அவர் முன் ஆயுதங்களை வைத்தனர். மாநிலக் காவல்துறைத் தலைவர் ருஸ்தம்ஜி இதைக் கடுமையாகக் குறை கூறினார். உயிரைப் பணயம் வைத்துக் கொள்ளையரோடு போராடும் காவலர்களைவிடக் கொள்ளையருக்குப் பெருமை சேர்கிறது என்பது காவல்துறையின் குறை. அதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது முயற்சி பெரியது. மாதோ சிங் என்ற கொள்ளைத் தலைவர் 1971இல் மாறுவேடத்தில் பாட்னா சென்று ஜெயப்பிரகாஷ் நாராயணனைச் சந்தித்தார். 1972 ஏப்ரலில், பெங்களூரில் பிறந்த எஸ். என். சுப்பாராவ் ஜௌராவில் நடத்திவந்த காந்தி சேவாசிரமத்தில், மோகர் சிங்கும் மாதோ சிங்கும் தங்கள் கூட்டத்தாரோடு சரணடைந்தனர். இம்முறை முன்கூட்டியே பேச்சு நடந்திருந்தது. சரணடைந்தவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், தூக்கு இராது, குடும்பத்தாருக்குப் பாதுகாப்பும் பிழைப்புக்கு வழியும் செய்யப்படும். பலர் முங்காவலியில் அமைக்கப்பட்ட திறந்தவெளிச் சிறையில் தண்டனையைக் கழித்தனர்.

விடுதலையான பின் மோகர் சிங் மேகாவ்ன் நகராட்சித் தலைவரானார், 2020இல் இறந்தார். மாதோ சிங் மாயவித்தைக் காட்சி நடத்தினார். பஞ்சம் சிங் பிரம்மா குமாரிகள் இயக்கத்தில் சேர்ந்து, சிறைகளுக்குச் சென்று கைதிகளிடம் பேசுபவரானார். ஒருகாலத்தில் தலைக்கு விலை வைக்கப்பட்டவர் கைதிகளின் முன் நின்று தன் வாழ்க்கையைச் சொல்லும் நிலை அங்கே உருவானது. ஐரோப்பாவிலும் முன்னாள் குற்றவாளிகள் விடுதலையான கைதிகளுக்காகக் குரல் கொடுப்பவர்களாக மாறியதுண்டு. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: அவர்கள் தண்டனையை முடித்து, உயிரோடு வெளியே வந்தார்கள். ஜம்புலிங்கத்துக்கு ஆதரவாகப் பேச வெளியே ஒருவர் இருந்தார். ஆனால் அவருக்கும் அரசுக்கும் இடையில் நின்று உடன்பாடு பேச அதிகாரம் படைத்த எவரும் இல்லை. கார்மைக்கேலால் தர முடிந்தவை அறிவுரையும் குழந்தைகளுக்கான அடைக்கலமும் மட்டுமே.

பாடலும் ஆய்வும்

திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அகால மரணம் அடைந்த வீரர்களைப் பற்றி வில்லுப்பாட்டும் கதைப்பாடலும் உருவாவது மரபு. பாபநாசம் மலையில் வணங்கப்படும் முத்துப்பட்டன் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. அநியாயமாக அல்லது வஞ்சகத்தால் கொல்லப்பட்டவர், சாதி எல்லையை மீறியவர், ஏழைக்கு ஈந்தவர் என்ற கூறுகள் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். செம்புலிங்கம் பற்றிய வாய்மொழிக் கதைகளும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவையே. அதனால் அவற்றிலிருந்து நேரடியாக வரலாற்றை எடுப்பது கடினம். கதை சொல்பவர் அறிந்த முந்தைய வீரர்களின் செயல்கள் புதிய வீரர்மீது ஏறிவிடும்.

இந்தக் கதைப்பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்து ஆய்வுக்குக் கொண்டுவந்ததில் நாங்குநேரியைச் சேர்ந்த நா. வானமாமலைக்கு (1917–1980) முதன்மையான இடம் உண்டு. மேலைநாட்டவரில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தமிழ் வீரக் கதைப்பாடல்களில் வர்க்க நலன் செயல்படும் விதத்தை 1978இல் ஆராய்ந்தார். டேவிட் ஷூல்மன் 1980இல் தென்னிந்தியக் கொள்ளையரையும் அரசரையும் ஒப்பிட்டு எழுதினார்.

இவர்களுக்கெல்லாம் பின்னணியாக இருப்பது எரிக் ஹாப்ஸ்பாம் 1959லும் 1969லும் எழுதிய நூல்கள். அரசு குற்றவாளி என்று தேடும் ஒருவரை உழவர்கள் தங்கள் வீரராகக் கருதும் நிலையை அவர் ‘சமூகக் கொள்ளை’ என்றார். சிறு தவறால் அல்லது செய்யாத குற்றத்தால் தலைமறைவாதல், இருப்பவரிடம் பறித்து இல்லாதவருக்குக் கொடுத்தல், காட்டிக்கொடுக்கப்பட்டு இறத்தல் ஆகியவை அவர் தந்த அடையாளங்கள். கார்மைக்கேல் காட்டும் ராஜ் இவற்றில் பெரும்பாலானவற்றோடு பொருந்துகிறார்; நூலோ ஹாப்ஸ்பாமுக்கு முப்பது ஆண்டுகள் முந்தியது. டச்சு மானிடவியலாளர் அன்டன் பிளோக் 1972இல் ஹாப்ஸ்பாமை மறுத்தார். கொள்ளையர் பலர் நிலவுடைமையாளர்களின் ஆதரவில் வாழ்ந்து, உழவர்களையே அடக்கப் பயன்பட்டனர் என்பது அவர் வாதம். களக்காட்டுப் பகுதியில் ஜம்புலிங்கத்துக்குச் சோறும் செய்தியும் கொடுத்தவர்கள் ஏழை ஊரார் மட்டும்தானா, வசதி படைத்தவர்களும் இருந்தார்களா என்பது பிளோக்கின் கேள்வியிலிருந்து எழுவது. இதற்குக் கார்மைக்கேலின் நூலில் மட்டும் விடை தேடுவது போதாது. அந்த ஆண்டுகளின் வழக்குத் தாள்களையும் காவல் பதிவேடுகளையும் அதனோடு வைத்துப் படிக்க வேண்டும்.